ராத்திரியில மறிக்கிற கார் போலீஸ் கார்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காட்பாடியில வாடகை கார் ஓட்டறவன். மஞ்சள் போர்டு வண்டி, சொந்த வண்டிதான், டியூ இன்னும் ஓடிகினு இருக்கு. உங்க பேப்பர்ல கஞ்சா பிடிச்சாங்க, ரேஷன் அரிசி பிடிச்சாங்க, தனிப்படை போலீசார் காரை மடக்கிப் பிடித்தனர்னு அடிக்கடி நியூஸ் வருது, நானும் விடாம படிக்கறேன். அப்படி மடக்கற கார்ல ஒண்ணும் பண்ணாத ஜனங்க உட்கார்ந்திருந்தா அவங்களுக்கு என்ன ஆகுதுங்கறது மட்டும் எந்த நியூஸ்லயும் வர்றதில்ல. அதை எழுதத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க.

விஷயம் இதுதான். ராத்திரியில ஹைவேயில போலீஸ்னு எங்கயும் எழுதாத கார், மேல சுத்தற லைட் இல்லாத கார், நம்மள மாதிரியே சாதா நம்பர் போர்டு போட்ட கார் பின்னாடியே வந்து லைட் அடிக்கறாங்க, ஓவர்டேக் பண்ணி குறுக்க கட்டறாங்க, இறங்கி வர்றவர் டி-சர்ட்ல இருக்கார், போலீஸ், வண்டிய ஓரம் கட்டுங்கறார். அவர் உண்மையாவே போலீசா இல்லையானு அந்த நிமிஷத்துல தெரிஞ்சுக்க எங்களுக்கு ஒரு வழியும் கிடையாது. அந்த வழியை மாவட்ட போலீஸ்தான் உண்டாக்கித் தரணும்னு கேக்கறேன். மஃப்டி போலீசே வேணாம்னு நான் சொல்ல வரல.

ஏன்னா நம்ம மாவட்டம் இருக்கிற இடம் அப்படி. காட்பாடியில இருந்து சித்தூர் ரோட்ல கொஞ்ச தூரம் போனா கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட், அதைத் தாண்டினா ஆந்திரா. குடியாத்தம் பக்கம் பரதராமி, பேரணாம்பட்டு பக்கம் பத்தலப்பல்லி, எங்க திரும்பினாலும் பார்டர்தான். அந்தப் பக்கத்துல இருந்து கஞ்சா வருது, சாராய பாக்கெட் வருது, இந்தப் பக்கத்துல இருந்து ரேஷன் அரிசி போகுது, பாலாத்துல மணல் அள்றவன் ஒரு பக்கம், செம்மரக் கட்டை கடத்தறவன் ஒரு பக்கம். இவனுங்கள பிடிக்கணும்னா தலையில நீல லைட்ட சுத்தவிட்டுகினு போனா எவனும் மாட்ட மாட்டான், முன்னாடி பைக்ல ஒருத்தன் பைலட் போய் தகவல் சொல்லிடுவான். அதனால சாதா கார்ல சாதா டிரஸ்ல போலீஸ் போகணும், பின்தொடரணும், நோட்டம் பாக்கணும், அதெல்லாம் வேலையில ஒரு பாகம், எனக்கும் புரியுது. நானும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்களுக்கு அப்பா, கஞ்சா பிடிக்கறதுக்கு நான் ஏன் குறுக்க நிக்கப் போறேன்.

ஆனா பின்தொடர்றது ஒண்ணு, நிறுத்தறது ஒண்ணு. பின்னாடி வர்ற வரைக்கும் யார்னு எனக்குத் தெரிய வேணாம். என் வண்டிய நிறுத்தி என் சாவியில கை வைக்கற நிமிஷத்துல இருந்து யார்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும். இதை நானா சொல்லல, சட்டமே அப்படித்தான் இருக்கு. எங்க ஸ்டாண்ட்ல ரெகுலரா வண்டி எடுக்கற ஒரு வக்கீல் சார் எடுத்துக் காட்டினார், மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதுல 130வது பிரிவு, யூனிபார்ம்ல இருக்கிற போலீஸ் அதிகாரி கேட்டா டிரைவர் லைசென்ஸ காட்டணும்னு போட்டிருக்கு. யூனிபார்ம்லங்கற வார்த்தை சட்டத்துலயே இருக்கு சார். லைசென்ஸ பிடுங்கி வச்சுகினா அதுக்கு ஒரு தற்காலிக ஒப்புகைச் சீட்டு தரணும்னு 206வது பிரிவுல இருக்கு. வண்டியவே பிடிச்சு வைக்கறதுக்கு 207, அதுக்கும் காரணம் வேணும், லைசென்ஸ் இல்ல, பர்மிட் இல்ல, பதிவு இல்லங்கற மாதிரி. டி.கே.பாசு கேஸ்னு 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்புல கைது பண்ற போலீஸ் பேரும் பதவியும் தெளிவா தெரியற மாதிரி மாட்டியிருக்கணும்னு சொல்லியிருக்காங்க, இப்ப வந்திருக்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பி.என்.எஸ்.எஸ்.ல 36வது பிரிவா அது இருக்குன்னும் அவரே சொன்னார். கைது பண்றதுக்கே பேர் தெரியணும்னா, நடுராத்திரியில குடும்பத்தோட போறவன நிறுத்தறதுக்கு தெரிய வேணாமா.

ரெகுலர் செக்கிங்னா எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. கிரீன் சர்க்கிள்ல நிறுத்துவாங்க, சத்துவாச்சாரி பக்கம் நிறுத்துவாங்க, பேரிகார்டு போட்டு, சிவப்பு லைட் தடி காட்டி, தோள்ல ரெண்டு ஸ்டாரோட எஸ்.ஐ. நிப்பார், நெஞ்சுல தமிழ்ல பேர் இருக்கும், பக்கத்துல காவல்னு எழுதின வண்டி நிக்கும். ஊதச் சொன்னா ஊதுவேன், பேப்பர் கேட்டா காட்டுவேன், இப்பல்லாம் டிஜிலாக்கர்ல இருந்தாலே ஒத்துக்கறாங்க, கேஸ்னா மெஷின்ல இ-சலான் வந்துடும். இதுல ஒரு பயமும் கிடையாது. பொம்பளைங்க வண்டியில இருந்தாகூட அவங்களும் பயப்பட மாட்டாங்க, அது போலீஸ்னு கண்ணுக்கு நேரா தெரியுது.

என் வண்டியில யார் ஏறுவாங்கனு சொல்லணும், அப்பதான் இந்த பயம் எங்க இருந்து வருதுன்னு புரியும். வேலூர் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு மேற்கு வங்காளத்துல இருந்தும் ஜார்க்கண்ட்ல இருந்தும் வடகிழக்கு மாநிலங்கள்ல இருந்தும் எவ்ளோ ஜனங்க வர்றாங்கனு வேலூர்க்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல. ரெண்டு ராத்திரி ட்ரெயின்ல உட்கார்ந்து காட்பாடி ஜங்ஷன்ல விடியறதுக்கு முன்னாடி இறங்குவாங்க. ஆபரேஷனுக்கு, ரூம் வாடகைக்கு, மருந்துக்குன்னு பணத்த துணியில சுத்தி இடுப்புலயோ பைக்கு அடியிலயோ வச்சிருப்பாங்க, நிலத்த வித்த பணமா இருக்கும், வட்டிக்கு வாங்கின பணமா இருக்கும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. போலீஸ்காரர் யார், ரவுடி யார், ரெண்டு பேரும் பேசற தமிழ் அவங்க காதுக்கு ஒரே மாதிரிதான் கேக்கும். திரும்பிப் போறப்ப காசு கொஞ்சம் இருக்கறவங்க பேஷண்ட்ட ட்ரெயின்ல கூட்டிட்டுப் போக முடியாம சென்னை ஏர்போர்ட்டுக்கு கார் பிடிப்பாங்க, காலை ஃப்ளைட்டுக்கு நாங்க ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு கிளம்புவோம்.

அப்படி ஒரு ட்ரிப்லதான் எனக்கு நடந்தது. எந்த ஸ்டேஷன், எந்தப் பிரிவுன்னு எழுதப் போறதில்ல, யாரையும் மாட்டிவிடறது என் நோக்கம் இல்ல. வண்டியில ஒரு பெரியவர், வயித்துல ஆபரேஷன் முடிஞ்சு பக்கத்துல பை கட்டியிருந்தாங்க, அவரோட சம்சாரம், காலேஜ் படிக்கற வயசுல ஒரு பையன். பெரியவர் சாய்ஞ்சு படுக்கணும்னு முன் சீட்ட நல்லா பின்னாடி தள்ளி தலகாணி வச்சு கொடுத்திருந்தேன், குலுங்கினா வலிக்கும்னு மெதுவாத்தான் ஓட்டிகினு போனேன். ரத்தினகிரி மலைக் கோயில் லைட் தெரிஞ்சது, அதைத் தாண்டி கொஞ்சம் இருட்டா வர்ற இடத்துல பின்னாடி ஒரு வெள்ளை கார் ஹை பீம்ல ஒட்டிக்கினே வந்துச்சு. வழி விட்டேன், போகல. அப்புறம் திடீர்னு பக்கத்துல வந்து ஜன்னல்ல இருந்து ஒரு கை நீண்டுச்சு, நிறுத்து நிறுத்துன்னு ஆட்டினாங்க, அப்படியே முன்னாடி போய் குறுக்க கட்டிட்டாங்க. நான் போட்ட பிரேக்ல பெரியவர் வலி தாங்காம கத்திட்டார்.

நாலு பேர் இறங்கினாங்க. ஒருத்தர் காக்கி பேண்ட், மேல கட்டம் போட்ட சட்டை. மத்தவங்க டி-சர்ட், ஒருத்தர் செருப்பு. டார்ச்ச நேரா என் கண்ணுலயே அடிச்சுகினு, இறங்கு, சாவிய குடுன்னாங்க. நான் கும்பிட்டுதான் கேட்டேன், சார் நீங்க எந்த ஸ்டேஷன் சார், ஐ.டி. கார்டு மட்டும் ஒரு தடவ காட்டுங்க சார், பேஷண்ட் இருக்காங்கனு. இன்னாடா, போலீஸ்கிட்டயே ஐ.டி. கேக்கறியான்னு ஒருத்தர் கை ஓங்கிகினு வந்தார். கட்டம் போட்ட சட்டை போட்டவர் பர்ஸுல இருந்து ஒரு கார்ட பாதி இழுத்து காட்டிட்டு உள்ள தள்ளிட்டார், போட்டோ இருக்கிற இடத்துல அவர் கட்டைவிரல் இருந்துச்சு, என் கண்ணுல டார்ச் வெளிச்சம், அதுல நான் என்னத்த படிக்கறது.

டிக்கிய திறந்தாங்க, ஒவ்வொரு பையா ரோட்டு ஓரத்துல வச்சு கொட்டினாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் கவர், பஞ்சு, பிளாஸ்திரி, பெரியவருக்கு மாத்தற பை ஒரு அட்டைப்பெட்டி நிறைய. இது என்னடா பவுடர்னு ஒரு டப்பாவ முகர்ந்து பாத்தாங்க, புண்ணுல போடற பவுடர் அது. அந்த அம்மா புடவைத் தலைப்ப வாயில அடைச்சுகினு அழறாங்க, இடுப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுகினு இருக்காங்க, மிச்சம் இருந்த பணம் அங்கதான் இருந்திருக்கு. அந்தப் பையன் எங்கிட்ட இந்தியில கேக்கறான், அண்ணா இவங்க திருடங்களான்னு. நான் என்ன பதில் சொல்றது. எனக்கே தெரியாதே.

அப்புறம் அவங்கள்ல ஒருத்தருக்கு போன் வந்துச்சு. இது இல்லப்பா, வேற வண்டின்னு சொல்லிட்டு சாவிய டிரைவர் சீட்ல போட்டுட்டு கிளம்பிட்டாங்க. கொட்டின பைய எடுத்து வைக்க ஒரு கை உதவி இல்ல, தப்பா நினைச்சுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. நானும் பையனும் செல்போன் லைட்ல தரையில தேடித் தேடி எல்லாத்தையும் அள்ளி வச்சோம். வாலாஜா டோல்கிட்ட வெளிச்சத்துல வண்டிய போட்டு பெரியவருக்கு தண்ணி குடுத்து அவர் மூச்சு சீராகற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். ஃப்ளைட்ட பிடிச்சுட்டாங்க, அது வரைக்கும் சந்தோஷம்.

ரெண்டு நாள் கழிச்சு தெரிஞ்ச ஒருத்தர் மூலமா விசாரிச்சதுல அவங்க நிஜ போலீஸ்தான், என் வண்டி மாதிரியே ஒரு வண்டியில சரக்கு வருதுன்னு தகவல் வந்து நின்னிருக்காங்கனு தெரிஞ்சுது. ஸ்டாண்ட்ல எல்லாரும் நல்லவேளை நிஜ போலீசா போச்சுன்னாங்க. எனக்கு அதுல ஆறுதல் இல்ல. கொள்ளையடிக்கறவனா இருந்திருந்தாலும் இதே மாதிரிதான் லைட் அடிச்சிருப்பான், இதே மாதிரிதான் குறுக்க கட்டியிருப்பான், இதே மாதிரிதான் கார்ட பாதி காட்டியிருப்பான், நானும் இதே மாதிரி சாவிய குடுத்துட்டு கும்பிட்டுகினு நின்னிருப்பேன். அந்த அம்மா இடுப்புல இருந்த பணத்த அவுத்து எடுத்துகினு போயிருந்தா அடுத்த நாள் ஸ்டேஷன்ல போய் நான் என்னன்னு கம்ப்ளைண்ட் குடுப்பேன்? போலீஸ்னு சொன்னாங்க, நம்பி நிறுத்தினேன்னுதானே.

போலி போலீஸ் கைதுன்னு உங்க பேப்பர்லயே எத்தனையோ தடவ வந்திருக்கு. போலீஸ்னு ஸ்டிக்கர் எந்த ஸ்டிக்கர் கடையிலயும் வெட்டிக் குடுப்பான். சிவப்பு நீல லைட்டு ஆன்லைன்ல கிடைக்குது. சென்னையில 2024 மே 2ம் தேதியில இருந்து சொந்த வண்டிகள்ல போலீஸ், பிரஸ், வக்கீல்னு ஸ்டிக்கர் ஒட்டினா ஃபைன்னு டிராஃபிக் போலீசே சொன்னாங்க, அதாவது அந்த ஸ்டிக்கர நம்ப முடியாதுன்னு அவங்களே ஒத்துகினாங்க. போலீஸ்னு சொல்லி ஏமாத்தறவனுக்கு புது சட்டம் பி.என்.எஸ். 204வது பிரிவுல ஆறு மாசத்துக்கு குறையாம மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு, நல்லது, இருக்கட்டும். ஆனா அது அவன் மாட்டினதுக்கு அப்புறம். ரோட்ல நிக்கற அந்த நிமிஷத்துல அந்தப் பிரிவு எனக்கு என்ன பண்ணும்.

சரி, சந்தேகமா இருக்கு, நிக்காம போயிடலாம்னா அது இதைவிட ஆபத்து. நிக்கலைன்னா ஓடறான்னுதான் நினைப்பாங்க. அதிகாரி குடுத்த உத்தரவ மதிக்கலன்னு மோட்டார் வாகனச் சட்டம் 179வது பிரிவுல கேஸ் வரும், 2019ல சட்டத்த திருத்தினப்ப அதை 2000 ரூபா வரைக்கும்னு ஏத்திட்டாங்க. பணத்த விடுங்க, உயிர் போகுது சார். 2018 மார்ச்ல திருச்சி துவாக்குடியில ஹெல்மெட் செக்கிங்ல நிக்காம போன புருஷன் பொண்டாட்டிய ஒரு இன்ஸ்பெக்டர் பைக்ல விரட்டிகினு போய் உதைச்சதுல அந்தப் பொண்ணு கீழ விழுந்து செத்துப் போச்சே, நாடே கொந்தளிச்சது, மறந்துட முடியுமா. அது சாயங்கால நேரம், ஜன நடமாட்டம் இருந்த இடம். ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் இல்லாத ஹைவேயில ஒரு கார் விரட்டினா பெரிய லாரி பின்னாடி போய் சொருகிக்கத்தான் தோணும்.

வட ஆற்காட்டு ஜனங்களுக்கு இன்னொரு பயமும் இருக்கு, வெளியூர்க்காரங்களுக்கு புரியாது. 2015 ஏப்ரல் 7ம் தேதி திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்ட வந்தவங்கனு சொல்லி ஆந்திரா போலீஸ் 20 பேர சுட்டுக் கொன்னுச்சு, அதுல பாதிக்கு மேல திருவண்ணாமலை ஜில்லா ஆளுங்க, கண்ணமங்கலம் பக்கத்து கிராமங்கள்ல எல்லாம் இழவு விழுந்துச்சு. செத்தவங்கள்ல சிலர பஸ்ல இருந்து இறக்கி கூட்டிகினு போனாங்கனு தப்பிச்சு வந்தவங்க தேசிய மனித உரிமை கமிஷன்கிட்ட வாக்குமூலம் குடுத்தாங்க. அந்தப் பக்கத்துல இருந்து வர்ற டிரைவருங்க எங்க ஸ்டாண்ட்ல இருக்காங்க. சாதா டிரஸ்ல நாலு பேர் வந்து இறங்குன்னா அவங்களுக்கு கை கால் நடுங்குது, அது சும்மா வர்ற நடுக்கம் இல்ல.

பொம்பளைங்க தனியா ஓட்டிகினு வர்றத யோசிச்சுப் பாருங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு ஸ்கூட்டியில பாகாயத்துக்கும் தொரப்பாடிக்கும் போற நர்ஸுங்க எத்தனை பேர், காட்பாடியில காலேஜ் படிக்கற பொண்ணுங்க எத்தனை பேர். 2025 ஜனவரியில ஈ.சி.ஆர். ரோட்ல முட்டுக்காடு பக்கம் பொண்ணுங்க போன கார ராத்திரியில வேற கார்ல வந்த ஆம்பளைங்க மறிச்சு விரட்டின வீடியோவ தமிழ்நாடே பாத்துச்சு. அதைப் பாத்த எந்த அப்பா அம்மாவும் பிள்ளைகிட்ட என்ன சொல்லுவாங்க? யாராவது மறிச்சா நிக்காதம்மா, கண்ணாடிய இறக்காத, ஜனங்க இருக்கிற இடத்துக்கு ஓட்டிகினு போயிடு, அப்படித்தான் சொல்லுவாங்க, நானும் என் பொண்ணுங்ககிட்ட அதத்தான் சொல்லியிருக்கேன். இப்ப மறிக்கிறது மஃப்டி போலீஸ்னா, அப்பா சொன்னதக் கேட்ட அந்தப் பொண்ணு குற்றவாளி ஆயிடுது. இதுக்கு யார் பதில் சொல்றது.

எங்க அக்கா பையன் இங்கிலாந்துல நர்ஸா இருக்கான், அவன்கிட்ட இதப் பேசினப்ப அங்க எப்படின்னு சொன்னான். அங்கயும் போலீஸ்னு எழுதாத கார் நிறைய ஓடுதாம், முன் கண்ணாடிக்கு உள்ள மறைச்சு வச்ச நீல லைட் இருக்குமாம். ஆனா வண்டிய நிறுத்தச் சொல்றவர் யூனிபார்ம்ல இருக்கணும்னு அங்கயும் சட்டம், அதுவும் 1988ல வந்ததுதான், 163வது பிரிவு. 2021 மார்ச்ல லண்டன்ல ரோட்ல நடந்து போன ஒரு பொண்ண, டியூட்டியில இல்லாத ஒரு நிஜ போலீஸ்காரனே தன்னோட ஐ.டி. கார்ட காட்டி, வாடகைக்கு எடுத்த கார்ல ஏத்திகினு போய் கொன்னுட்டான். அதுக்கு அப்புறம் அங்க போலீஸ் என்ன சொன்னாங்கன்னா, மஃப்டியில இருக்கிற ஆள் தனியா ஒரு பொண்ண நிறுத்தினா, யூனிபார்ம்ல இருக்கிற மேலதிகாரிக்கு வீடியோ கால் போட்டு அந்தப் பொண்ணுக்கு காட்டணும், இவர் எங்க ஆள்தான்னு அவர் சொல்லணும். அமெரிக்காவுலயும் இப்படி சந்தேகம் வந்தா ஹசார்டு லைட்ட போட்டுகினு மெதுவா வெளிச்சமான இடத்துக்கு போ, 911க்கு அடிச்சு உண்மையான போலீஸான்னு கேளுன்னு அங்க பல ஊர்ல போலீசே ஜனங்களுக்கு சொல்லித் தர்றாங்களாம். ஐ.டி. கார்டு மட்டும் போதாதுன்னு ஒரு பெரிய நாட்டு போலீசே ஒத்துக்கினு வழி பண்ணியிருக்கு. நமக்கும் 112 இருக்கு. காவல் உதவின்னு ஆப் இருக்கு, 2022ல முதலமைச்சரே துவக்கி வச்சது. நடுவுல ஒரு கம்பி இழுத்து ரெண்டையும் சேக்கற வேலைதான் பாக்கி.

என்ன பண்ணலாம்னு எனக்குத் தெரிஞ்சத எழுதறேன். மஃப்டி கார் பின்தொடரட்டும், நிறுத்தற வேலைய முன்னாடி இருக்கிற மார்க் பண்ணின வண்டிக்கு மைக்ல சொல்லி விடட்டும், ஹைவே பேட்ரோல் எதுக்கு இருக்கு. பள்ளிகொண்டாவுல டோல், வாணியம்பாடியில டோல், வாலாஜா தாண்டி சென்னசமுத்திரத்துல டோல், எவனா இருந்தாலும் டோல்ல வண்டி நின்னுதானே ஆகணும், அங்க வெளிச்சம் இருக்கு, கேமரா இருக்கு, பேரிகார்டு இருக்கு. அதுவரைக்கும் காத்திருக்க முடியாத அவசரம்னா அந்த மஃப்டி கார்ல ஒருத்தராவது முழு யூனிபார்ம்ல, பேரோட இருக்கணும், இறங்கி வர்றவர் அவரா இருக்கணும், மத்தவங்க பின்னாடி நிக்கட்டும். வண்டிய நிறுத்தறதுக்கு முன்னாடியோ நிறுத்தின உடனேயோ கண்ட்ரோல் ரூமுக்கு இன்ன இடத்துல இன்ன நம்பர் வண்டிய நிறுத்தறோம்னு சொல்லிடணும், நான் 112க்கு அடிச்சு கேட்டா ஆமாப்பா எங்க ஆளுங்கதான், பயப்படாதன்னு அங்க இருந்து பதில் வரணும். அந்த ஒரு பதில் போதும் சார் எனக்கு. டிக்கி என்ன, சீட்ட கழட்டிகூட பாத்துக்கட்டும்.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான். ஒரு டிரைவர் ஹசார்டு லைட்ட போட்டு, வேகத்த குறைச்சு, கை காட்டிகினு பக்கத்துல இருக்கிற பெட்ரோல் பங்க்குக்கோ டோலுக்கோ ஸ்டேஷனுக்கோ போய் நிறுத்தினா, அவன் ஓடறவன் இல்லன்னு போலீஸ் ஒத்துக்கணும். அவன அடிக்கக் கூடாது, கேஸ் போடக் கூடாது. கடத்தல்காரன் ஹசார்டு போட்டுகினு இருபது கிலோமீட்டர் வேகத்துல பெட்ரோல் பங்க்குக்கு போக மாட்டான், இது யாருக்கும் தெரியும். இத வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நாலு மாவட்ட எஸ்.பி.யும் சேர்ந்து ஒரு அறிவிப்பா வெளியிடணும், டோல்கேட்ல போர்டு வைக்கணும், தமிழ்லயும் இந்தியிலயும் வங்காளத்துலயும் வைக்கணும், ஏன்னா வேலூருக்கு வர்றவங்க பேசறது அந்த பாஷைங்கதான். 2019ல ஜில்லாவ மூணா பிரிச்சதுல இருந்து ஒரே ட்ரிப்ல ரெண்டு எஸ்.பி. எல்லையத் தாண்டறோம், ஒரு மாவட்டத்துல ஒரு ரூல், அடுத்த மாவட்டத்துல வேற ரூல்னு இருந்தா எங்களால ஞாபகம் வச்சுக்க முடியாது.

இதெல்லாம் நடக்கற காரியமான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எலக்‌ஷன் நேரத்துல பறக்கும் படை வருதே, பாத்திருப்பீங்க. நம்ம வேலூர் தொகுதியில 2019 ஏப்ரல்ல பணம் பிடிபட்டு எலக்‌ஷனையே ரத்து பண்ணி ஆகஸ்ட் 5ம் தேதி தனியா நடத்தினாங்க, அந்த நேரத்துல எங்க வண்டிய நிறுத்தி நிறுத்தி பாத்தாங்க. பொய்கை சந்தைக்கு மாடு வாங்க பணத்தோட போற வியாபாரிங்களுக்கு அது பெரிய தொந்தரவுதான், 50 ஆயிரத்துக்கு மேல இருந்தா கணக்கு கேப்பாங்க, நான் மறுக்கல. ஆனா பறக்கும் படையில ஒரு அதிகாரி இருப்பார், யூனிபார்ம்ல போலீஸ் இருக்கும், கூடவே ஒருத்தர் வீடியோ எடுத்துகினு இருப்பார், பணத்த எடுத்தா ரசீது குடுப்பாங்க. அவங்க நிறுத்தி யாரும் இது திருடனான்னு கேட்டதில்ல. ஓட்டுக்கு குடுக்கற பணத்த பிடிக்கறதுக்கு இவ்ளோ ஒழுங்கு முடியும்னா, மிச்ச நாளுக்கும் முடியும்.

போலீஸ்ல இருக்கிறவங்களும் நம்ம ஊர்ப் பிள்ளைங்கதான், என் கூட படிச்சவனே ஏட்டா இருக்கான். தூக்கம் இல்லாம, சாப்பாடு நேரத்துக்கு இல்லாம, எவன் கத்தி வச்சிருக்கான் எவன் வண்டிய ஏத்துவான்னு தெரியாம நிக்கறாங்க, அவங்க உயிருக்கும் ஆபத்து இருக்கு. பயந்துபோன டிரைவர் திருடன்னு நினைச்சு அவங்க மேலயே வண்டிய விட்டுட்டா? குடும்பத்த காப்பாத்தறதா நினைச்சு ஒருத்தன் ஜாக்கி ராட எடுத்துட்டா? யூனிபார்ம் அவங்களுக்கும் பாதுகாப்புத்தான்னு அந்த ஏட்டுகிட்டயே சொன்னேன், அவனும் ஆமாண்டா மச்சான், நாங்களும் இதத்தான் பேசிகினு இருக்கோம்னான்.

எங்க ஸ்டாண்ட் டிரைவருங்க எல்லாரும் கையெழுத்து போட்டு இதையே மனுவா எழுதி வச்சிருக்கோம். வர்ற புதன்கிழமை எஸ்.பி. ஆபீஸ்ல மனு வாங்கற நாள்ல நேர்ல குடுக்கப் போறோம். ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, போளூர் பக்கம் வண்டி ஓட்டற அண்ணன் தம்பிங்க இந்த லெட்டர படிச்சா அவங்கவங்க மாவட்டத்துலயும் இதே மாதிரி ஒரு மனு குடுங்க, என்ன எழுதறதுன்னு தெரியலைன்னா மேல நான் கேட்டிருக்கறதையே எழுதுங்க. ஆசிரியர் அய்யா, எஸ்.பி. ஆபீஸ்ல இருந்து பதில் வந்தா அதையும் உங்க பேப்பர்ல போடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாடகை கார் டிரைவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.